பத்திரமில்லாத கடன்

1886இல் போப் தமது திருக்குறள் மொழிபெயர்ப்பின் முன்னுரையில் ஒரு காட்சியைக் கற்பனை செய்கிறார். மயிலாப்பூர்க் கடற்கரையில் வள்ளுவர் கிறிஸ்துவ போதகர்களோடு உலவுகிறார். கேட்டவற்றை அன்றன்று குறளில் சேர்த்துக்கொள்கிறார். கற்பனை என்று சொல்லிவிட்டே அவர் இதை எழுதினார். பின்வந்தவர்களுக்கு அந்தத் தயக்கமும் இல்லை. தற்கால இந்து மதம் நெஸ்டோரியர்களுக்குப் பட்ட கடன் என்று 1907இல் கிரியர்ஸன் தம் கட்டுரைக்குத் தலைப்பே வைத்தார். வள்ளுவர் கிறிஸ்துவரா என்று கேட்டு 1969இல் தெய்வநாயகம் புத்தகம் போட்டார்.

வங்கியில் பேரேடு எழுதிப் பிழைப்பவன் நான். கடன் என்றால் பத்திரம், தேதி, சாட்சிக் கையெழுத்து மூன்றும் கேட்பேன். மூன்றும் உள்ள சாசனம் ஒன்று இருக்கவே செய்கிறது: 849ஆம் ஆண்டின் தரிசாப்பள்ளிச் செப்பேடு. கொல்லத்துக் கிறிஸ்துவப் பள்ளிக்கு வேணாட்டு அய்யனடிகள் கொடுத்தது. வட்டெழுத்தில் எழுதியது, அரபி, பஹ்லவி, எபிரேய எழுத்துக்களில் சாட்சிகள் கையெழுத்திட்டிருக்கிறார்கள். ஆனால் அதில் பேசப்படுவது குடிகள், வரி, உரிமைகள். உபதேசம் ஒரு வரி இல்லை. 1547இல் பரங்கிமலையில் கிடைத்த சிலுவையைச் சுற்றியும் பஹ்லவி எழுத்துத்தான். போர்ச்சுக்கீசியருக்கு முற்பட்ட தமிழ்க் கிறிஸ்துவ நூல் எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை.

ஏசு இங்கே வந்து வேதம் கற்றுப்போனார் என்று 1894இல் நோட்டோவிச் கிளப்பிய கதையில் மகிழ்கிறவர்களும் புரட்டுவது இதே பேரேட்டைத்தான். பற்றும் வரவும் இடம் மாறியிருக்கின்றன, அவ்வளவே.

இரு தரப்பும் விட்டுவிட்டது குறளை. இன்னா செய்யாமை அதிகாரத்தை மலைப்பிரசங்கத்தோடு ஒட்டுவது சுலபம். ஆனால் தீங்கு செய்தவனுக்கு நன்மை செய் என்கிற இடத்தில் வள்ளுவர் போடுகிற சொல் 'ஒறுத்தல்'. தண்டனை. அவன் வெட்கப்பட வேண்டும். இதில் மறு கன்னத்தைக் காட்டுகிறவனின் சாந்தம் இல்லை, ஒரு குரூரம் இருக்கிறது. இதற்குக் கிட்ட வருவது ரோமருக்குப் பவுல் எழுதிய நிருபத்தில் எதிரியின் தலைமேல் குவிக்கும் தழல். அதுவும் பவுலுடையதல்ல; நீதிமொழிகளிலிருந்து எடுத்தது. அப்படியானால் கடனை யார் பெயரில் எழுதுவது?

நீதிமொழியில் கர்த்தர் பலனளிப்பார் என்ற உத்தரவாதம் உண்டு. குறளில் அந்த மூன்றாம் ஆள் இல்லை. 'விடல்' என்று முடிகிறது. அவன் செய்த தீமை, நீ செய்த நன்மை இரண்டையும் மறந்துவிடுவது என்று பரிமேலழகர் பொருள் கொள்கிறார். தண்டனை நடந்ததென்று தண்டித்தவனுக்கே ஞாபகமிருக்கக் கூடாது.