ஊரூர் ஒல்காட் குப்பம்: ரிமோட் பிரிண்டுக்கு ஒரு சோதனைச் சொல்

ரிமோட் டெஸ்க்டாப்ல இருந்து பிரிண்ட் கொடுக்கும்போது எந்த ஃபார்மட்டைத் தேர்ந்தெடுக்கறது? தொழில்நுட்பக் கையேடுகள் பெரும்பாலும் இரண்டே அளவுகோலை வெச்சிருக்கு: எவ்வளவு டேட்டா போகுது, டிரைவர் எந்தப் பக்கம் இருக்கணும். எழுத்து சரியா வருமாங்கற கேள்வி பின்னாடி போயிடுது. ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழுக்குப் போதாது.

சோதிச்சுப் பார்க்க பெசன்ட் நகரை ஒட்டின மீனவக் கிராமத்தோட பேரே போதும்: ஊரூர் ஒல்காட் குப்பம். இதுல வர்ற 'ரூ' பார்வைக்கு ஒரே வடிவம். யூனிகோடிலோ 'ர'வுக்கு ஒரு குறியீடு, ஊகாரக் குறிக்கு இன்னொன்று. 'கு'வும் அப்படித்தான். இரண்டையும் சேர்த்து ஒரே வடிவமாகக் காட்டறது ஃபான்ட்டோட வேலை.

ஈஎம்எஃப் இங்கேதான் சறுக்கும். அது சின்னது, வேகமானது. சிட்ரிக்ஸ்ல முதல் விருப்பமே இதுதான். ஆனா ஃபான்ட்டை உள்ளே பதிக்காம விட்டா, அதன் பேரும் வடிவ எண்களும் மட்டுமே இந்தப் பக்கம் வரும். இங்கே அதே ஃபான்ட்டோட வேறு பதிப்பு இருந்தா எண்கள் மாறிப்போய் வேறு எழுத்து விழலாம். தமிழக அரசு 2010இல் யூனிகோடையும் டேஸ்16ஐயும் தரமா அறிவிச்சது. அதுக்கு முந்தைய வானவில் மாதிரி ஃபான்ட்ல தட்டின கோப்புன்னா இன்னும் மோசம்: ஃபான்ட் இல்லாத கணினியில வரி முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பைதான்.

ரா ஃபார்மட்ல எழுத்தை சர்வரே பிரிண்டர் மொழிக்கு மாத்தி அனுப்பிடும். எழுத்து தப்பும். ஆனா ஒவ்வொரு பிரிண்டருக்கும் சர்வர்ல டிரைவர் வேணும். 2021இல் பிரிண்ட்நைட்மேர் ஓட்டை வெளிவந்த பிறகு, கண்ட டிரைவரையும் ஏத்த எந்த அட்மினும் தயங்குவார்.

விண்டோஸ் சர்வர் 2008ல வந்த ஈஸி பிரிண்ட் எக்ஸ்பிஎஸ் வழியா போகுது. பிடிஎஃப் போலவே இதுவும் பயன்படுத்தின எழுத்து வடிவங்களைக் கோப்புக்குள்ளேயே எடுத்துட்டு வரும். கோப்பு கொஞ்சம் பெருசாகலாம், பழைய பிரிண்டர்ல மெதுவா வரலாம். இருக்கட்டும்.

என் தீர்ப்பு: தமிழ் ஆவணத்துக்கு எக்ஸ்பிஎஸ் அல்லது பிடிஎஃப். ஈஎம்எஃப்தான் வேணும்னா ஃபான்ட் பதிக்கிற வசதியை உறுதி செஞ்சபிறகு. மிச்சமாகற கிலோபைட் கணக்கு சர்வர் அறைக்குத் தெரியும். சான்றிதழ்ல ஊர்ப் பேர் சிதைஞ்சு, கவுன்ட்டர்ல இருந்து திரும்பி வர்றவரோட ஒரு நாள் கூலி எந்தக் கையேட்டுக் கணக்கிலும் வராது.