சிறிய ஆர்கன்

பைப் ஆர்கன் என்றவுடன் நம்மில் பலருக்கு மனதில் எழுவது ஸங்கீதம் அல்ல, ஒரு மிரட்டல். இருட்டு, உயர்ந்த கோபுரம், தலைமயிர் கலைந்த ஒரு பைத்தியக்கார மேதை, இடிபோல வந்து விழும் சப்தம். இது சினிமா கொடுத்த சித்திரம். 1931இல் வந்த 'டாக்டர் ஜெகில் அண்ட் மிஸ்டர் ஹைட்' படம் ஆரம்பிப்பதே பாஹின் பெயரில் வழங்கும் டி மைனர் டொக்காட்டாவோடுதான். 1940இல் டிஸ்னியின் 'ஃபண்டாஸியா' அதே டொக்காட்டாவை ஸ்டொகாவ்ஸ்கி மூலம் முழு ஆர்க்கெஸ்ட்ராவுக்கு மாற்றிக் கொடுத்தது. ஆர்கனின் சப்தமே போதவில்லை போலும். அந்த டொக்காட்டா பாஹுடையதுதானா என்று சில ஆய்வாளர்கள் சந்தேகம் எழுப்பியிருக்கிறார்கள். அது வேறு விஷயம். பாஹ் என்றால் ஆர்கன், ஆர்கன் என்றால் பிரம்மாண்டம், ஆகவே பாஹ் என்றால் பிரம்மாண்டம் என்ற சமன்பாடு நிலைத்துவிட்டது. இந்தச் சமன்பாடு தவறு என்பதுதான் இங்கே நான் சொல்ல வந்தது.

சமன்பாட்டுக்குப் பின்னால் ஒரு சரித்திரம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆர்கன் வளர்ந்துகொண்டே போயிற்று. காற்றழுத்தம் கூடியது; இயந்திரங்களும் பிறகு மின்சாரமும் துருத்தி மிதிப்பவனின் வேலையை எடுத்துக்கொண்டன; எத்தனை குழல்கள் என்பதே பெருமையின் அளவுகோலாயிற்று. பிலடெல்ஃபியாவில் ஒரு பெரிய கடைக் கட்டிடத்தின் நடுக்கூடத்தில் 1911இல் வாசிக்கத் தொடங்கிய ஆர்கன், பின்னால் பெருக்கப்பட்டுப் பெருக்கப்பட்டு 28,000க்கு மேற்பட்ட குழல்கள் கொண்டதாயிற்று. கடைக்கு வந்தவர்கள் வியந்திருப்பார்கள். வியப்பு ஓர் அனுபவம்தான். ஆனால் அது கேட்பதாகாது. அதற்கு ஆட்பட்டு நிற்கலாம்; தொடர்ந்து போக முடியாது. உரத்த குரலையே உண்மையின் குரலாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் மேடைப் பேச்சில் ஊறிய நமக்குப் புதிதல்ல.

சிறிய ஆர்கன் என்று நான் சொல்வது ஓர் அறைக்குள் அடங்கும் வாத்தியத்தை. ஒரே ஒரு கட்டை வரிசை, ஏறக்குறைய நான்கு ஸ்தாயி. மூன்று முதல் ஏழு வரை 'ஸ்டாப்'கள். ஸ்டாப் என்பது ஒரே ஜாதிக் குழல்களின் வரிசை, கட்டைக்கு ஒரு குழல். காலால் வாசிக்கும் பெடல் கட்டைகள் பெரும்பாலும் கிடையாது. மொத்தம் சில நூறு குழல்கள். நாம் அறிந்த ஹார்மோனியத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஹார்மோனியத்தில் பேசுவது அதிரும் உலோக ரீட். இதிலோ முக்கியமான குழல்கள் எல்லாம் புல்லாங்குழல் இனம். உதட்டில் காற்று வெட்டுப்பட்டுச் சப்தம் பிறக்கிறது. நுனி அடைத்த நான்கடிக் குழல் எட்டடித் திறந்த குழலின் சுருதியைத் தரும். சிறிய பெட்டிக்குள் கீழ்ஸ்தாயியை அடக்கும் சூட்சுமம் அது.

வாசிக்கிறவனின் விரலிலிருந்து தொடங்க வேண்டும். கட்டையை அழுத்தினால் மெல்லிய மரச்சட்டங்கள் இழுபட்டு, காற்றுப்பெட்டியில் ஒரு சிறு மூடி திறக்கிறது. மூடியை உள்ளிருந்து காற்று அழுத்திக்கொண்டிருப்பதால் விரலுக்கு முதலில் ஓர் எதிர்ப்புத் தெரிகிறது, பிறகு அது சட்டென்று விடுபடுவது தெரிகிறது. பெரிய ஆர்கன்களில் இடையே புகுந்த மின்சாரம் இந்த உணர்வை அழித்துவிட்டது. விரலுக்கும் குழலுக்கும் உறவில்லாமல் போயிற்று. சிறிய ஆர்கனில் அந்த உறவு ஒரு முழ தூரம்தான்.

ஆனால் விரல் பலமாக அழுத்தினாலும் மெதுவாக அழுத்தினாலும் சப்தத்தின் அளவு மாறாது. பியானோக்காரர்கள் இதை ஆர்கனின் ஊனம் என்பார்கள். வீணைக்காரர்களும் சொல்லலாம். ஊனம் என்றே வைத்துக்கொள்வோம். அளவு மாறாது என்றால் வாசிக்கிறவன் கையில் மிஞ்சுவது காலம் ஒன்றே. எப்போது ஆரம்பிப்பது, எப்போது விடுவது, இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவே எவ்வளவு மௌனம். அழுத்தம், இளைப்பாறல், துக்கம், விளையாட்டு எல்லாவற்றையும் இந்த ஒரே வழியில் சொல்லியாக வேண்டும். ஃப்ரெஸ்கோபால்டி 1615இல் தன் டொக்காட்டாக்களின் முன்னுரையில் தாளத்தைக் கண்டிப்பாகப் பிடித்துக்கொண்டு போக வேண்டாம், பாவத்துக்கு ஏற்பத் தளர்த்தியும் முடுக்கியும் வாசி என்கிறார். சுதந்திரத்துக்கான அனுமதியாக மட்டும் இதை வாசிக்கக் கூடாது. வேறு சாதனம் இல்லாத வாத்தியத்தில் அது பேச்சின் இலக்கணம்.

பேச்சு என்ற சொல்லை உவமையாகப் போடவில்லை. குழல் ஒலிக்கத் தொடங்கும் கணத்தில், சுருதி நிலைக்கும் முன்பு, ஒரு சின்ன உரசல், 'ட்'டோ 'ச்'சோ போல ஒன்று கேட்கும். முதலில் மெய், பிறகு உயிர். உயிர்மெய் என்று நம் இலக்கணம் ஒரே எழுத்தாகச் சொல்வது இந்தக் குழலில் இரண்டு நிகழ்ச்சிகளாகப் பிரிந்து காதில் விழுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் குழல் செய்வோர் இந்த மெய்யை ஒரு குறையாக நினைத்து, குழலின் உதட்டருகே வெட்டுகள் போட்டு மழுப்பினார்கள். விளைவு, உயிரெழுத்துக்கள் மட்டுமே உள்ள பாஷை. வழவழவென்று ஓடும், ஒரு வார்த்தையும் புரியாது. கதீட்ரலின் எதிரொலியில், ஒரு ஸ்வரம் விட்ட பிறகும் பல விநாடிகள் நீடிக்கும் இடத்தில், வார்த்தை புரியாதது தெரியவும் தெரியாது. அறையில் உள்ள சிறிய ஆர்கனுக்கு அந்த மறைவு கிடையாது. ஒவ்வொரு ஸ்வரத்தின் முடிவும் அப்பட்டமாக நிற்கிறது.

பழைய விரலடைவுகள் ஏன் அப்படி இருந்தன என்பதும் இங்கேதான் விளங்குகிறது. பாஹின் மகன் கார்ல் ஃபிலிப் இமானுவல் 1753இல் எழுதிய நூலில் தன் தந்தை சொன்னதை நினைவுகூர்கிறார்: பாஹின் இளமையில் பெரிய வித்வான்கள்கூடக் கட்டைவிரலை அகலமாக எட்ட வேண்டிய இடத்தில் மட்டுமே உபயோகித்தார்களாம். மிச்ச விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று தாண்டித் தாண்டிப் போகும்போது ஸ்வரங்கள் இரண்டிரண்டாகப் பிரிகின்றன, ஒன்று கனமாக, ஒன்று லேசாக. இன்று இது அசௌகரியமாகப் படுகிறது. ஆனால் சிறிய ஆர்கனில் அந்த அசௌகரியம்தான் நடையைக் கொடுக்கிறது.

இனிச் சுருதி. ஒரு ஸ்தாயியை 1200 ஸெண்டுகளாகப் பகுப்பது ஒரு கணக்கு. இன்றைய பியானோவில் ஒவ்வொரு அரைச்சுரமும் சரியாக 100. அதில் ஸட்ஜத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் இடைவெளி 400. தம்புராவின் மந்தர ஸட்ஜத்திலிருந்து தானாக எழும் அந்தர காந்தாரம் இருப்பதோ 386இல். பதினாறு, பதினேழாம் நூற்றாண்டு ஆர்கன்கள் பெரும்பாலும் அந்த 386ஐத் தேடியே சுருதி சேர்க்கப்பட்டன. மீன்டோன் என்பது அந்த முறையின் பெயர். அதற்கு விலை உண்டு: பஞ்சமங்கள் சற்றே குறுகின, சில ஸ்வரக் கூட்டங்கள் வாசிக்கவே முடியாதபடி ஓலமிட்டன, அரைச்சுரம் ஒன்றாக இல்லாமல் பெரிது, சிறிது என இரண்டு ஜாதியாயிற்று. எல்லாக் காலத்து ஸங்கீதத்தையும் வாசித்தாக வேண்டிய பெரிய ஆர்கனுக்கு இது கட்டாது. சில நூறு குழல்களே உள்ள சிறியதை இப்படிச் சுருதி சேர்ப்பது நடக்கக்கூடிய காரியம்.

இதனால் என்ன வந்துவிடப்போகிறது என்று கேட்பவர் பரோக்கின் வாசலில் நிற்கும் ஸ்வேலிங்கின் (1562–1621) 'ஃபண்டாஸியா க்ரொமாட்டிகா'வைக் கேட்க வேண்டும். ஆம்ஸ்டர்டாமின் ஔடே கெர்க் ஆலயத்தில் வாசித்தவர் அவர். அதன் மூலப்பிடி வெறும் ஆறு ஸ்வரங்கள், அரைச்சுரம் அரைச்சுரமாக இறங்குவது: டி, சி ஷார்ப், சி, பி, பி ஃப்ளாட், ஏ. இன்றைய பியானோவில் இது ஐந்து சமமான படிகள். சாய்வான ஒரு வழுக்கல். மீன்டோனில் முதல் படி ஏறக்குறைய 117 ஸெண்ட், அடுத்தது 76, பிறகு 117, பிறகு 76, கடைசி 117. பெரிது, சிறிது, பெரிது, சிறிது, பெரிது. ஒரு மனிதன் இருட்டில் ஒழுங்கற்ற படிகளில் காலைத் துழாவித் துழாவி இறங்குகிறான். துக்கம் ஸ்வரங்களுக்கு மேலே தடவிய பூச்சாக இல்லை, படிகளின் அளவிலேயே இருக்கிறது. இந்தப் பிடி ஒரு குரலிலிருந்து இன்னொரு குரலுக்குப் போய், நீண்டும் குறுகியும் திரும்பத் திரும்ப வரும்போது, சம அளவாக்கப்பட்ட வாத்தியத்தில் நாம் கேட்டுக்கொண்டிருந்தது அதன் நிழலைத்தான் என்று தெரிகிறது.

காற்றையும் சொல்ல வேண்டும். சிறிய துருத்தியின் காற்று முழுக்க நிலையாக இருக்காது. கனமான கூட்டு ஸ்வரம் ஒன்று அழுத்தப்படும்போது காற்று இம்மியளவு தொய்ந்து மீள்கிறது. பின்னால் வந்தவர்கள் இதையும் திருத்தினார்கள். பாட்டுக்காரன் மூச்சு விடுவதைத் திருத்துவது போன்ற காரியம்.

பாஹுக்கு வருவோம். 1739இல் அச்சான 'க்ளாவியர்யூபுங்' மூன்றாம் பாகம் ஆர்கனுக்கு அவர் வெளியிட்ட மிகப் பெரிய தொகுதி. அதில் லுத்தரின் ஞானோபதேசப் பகுதிகளுக்குரிய ஆறு ஞானப்பாட்டுகளுக்கும் இரண்டிரண்டு வடிவங்கள் உள்ளன: பெடலோடு பெரியது ஒன்று, கைக்கு மட்டும் சிறியது ஒன்று. லுத்தரின் பெரிய ஞானோபதேசம், சிறிய ஞானோபதேசம் இரண்டையும் இது குறிக்கிறது என்று விளக்கம் சொல்வார்கள். இருக்கலாம். எனக்கு முக்கியமாகப் படுவது சிறியதைப் பெரியதன் சுருக்கமாக அவர் எழுதவில்லை என்பது. விசுவாசப் பிரமாணப் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய வடிவத்தில் பெடலில் ஒரு மூலப்பிடி ராட்சஸ நடை போட்டுத் திரும்பத் திரும்ப வருகிறது. சிறிய வடிவமோ பிரெஞ்சு ஓவர்ச்சர் பாணியில் அமைந்தது. லுல்லி காலத்துப் பிரெஞ்சு அரசவையில் ராஜா வரும்போது முழங்கிய, விட்டு விட்டு மிடுக்காகப் போகும் அந்தத் தாளம். அதைக் கொண்டுவந்து பாஹ் தொகுதியிலேயே மிகக் குறுகிய உருப்படிகளில் ஒன்றுக்குள், இரண்டு கைகளுக்குள் வைக்கிறார். பெரிய ஆர்கனில் எல்லா ஸ்டாப்களையும் இழுத்து இதை முழக்கினால் வெறும் ராஜ ஊர்வலம். ஏழு ஸ்டாப் வாத்தியத்தில் வாசிக்கும்போது ஊர்வலம் ஒரு மேஜையின் மேல் நடக்கிறது; ஒவ்வொரு முகமும் தெரிகிறது. மகத்துவம் அளவில் இல்லை என்பதை இந்த உருப்படி வாதமாகச் சொல்லாமல் செய்து காட்டுகிறது. அதே தொகுதியில் உள்ள நான்கு டூயட்கள் இன்னும் கறார். இரண்டே குரல்கள். ஒளிந்துகொள்ள இடமே இல்லை.

ஹாண்டலும் சாட்சி. 1735 முதல் லண்டன் நாடகசாலையில் தன் ஓரடோரியோக்களின் அங்கங்களுக்கு நடுவே அவர் வாசித்த ஆர்கன் கன்சர்ட்டோக்கள் ஏறக்குறைய எல்லாமே பெடல் இல்லாத வாத்தியத்துக்கு எழுதப்பட்டவை. 1749இல் 'மெஸையா'வுக்கு வசனம் தொகுத்த சார்ல்ஸ் ஜெனன்ஸ் வீட்டுக்கு ஓர் ஆர்கன் வேண்டுமென்று யோசனை கேட்டபோது, ஹாண்டல் ஏழே ஸ்டாப்களின் பட்டியலை எழுதி அனுப்பினார். ரீட் ஸ்டாப் எதுவும் வேண்டாம், அடிக்கடி சுருதி சேர்க்க வேண்டிவரும், கிராமப்புறத்தில் அது தொல்லை என்று காரணமும் சொன்னார். தாமஸ் பார்க்கர் செய்த அந்த வாத்தியம் பின்னால் கிரேட் பாக்கிங்டன் தேவாலயத்துக்கு வந்து சேர்ந்தது. 1950களின் பிற்பகுதியில் ஈ. பவர் பிக்ஸ் ஹாண்டலின் கன்சர்ட்டோக்களை அதிலேயே வாசித்து இசைத்தட்டாக்கினார். பெரியது கிடைக்காததால் சிறியதோடு திருப்திப்பட்டவர் அல்ல ஹாண்டல். இன்னது போதும் என்று தெரிந்தவர்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பழையதே உண்மையானது என்ற வாதத்தில் என் கட்சியை நிறுத்த நான் தயாரில்லை. தொழிற்சாலை ஆர்கன்களை எதிர்த்து ஆல்பர்ட் ஷ்வைட்ஸர் 1906இல் ஒரு பிரசுரம் எழுதினார். 1921இல் ஃப்ரைபுர்கில் ப்ரெட்டோரியஸின் பதினேழாம் நூற்றாண்டுக் குறிப்பைப் பின்பற்றி ஓர் ஆர்கன் கட்டப்பட்டது. அந்த விழிப்பு அவசியமானது. ஆனால் அதன் வாரிசாக இருபதாம் நூற்றாண்டின் நடுவில் வந்த பல 'பரோக்' ஆர்கன்கள் மெலிந்த, கீச்சிடும் வாத்தியங்கள். கொழுப்பை வெறுத்து எலும்புக்கூட்டை ஆராதித்தார்கள். இன்று கச்சேரி மேடைகளில் பாஹின் கன்டாட்டாக்களுக்குத் துணையாக உருட்டிக் கொண்டுவரப்படும் பெட்டி ஆர்கனுக்கும் சரித்திர நியாயம் குறைவு. பாஹின் தேவாலயத்தில் அந்த வேலையைச் செய்தது மாடியில் இருந்த பெரிய ஆர்கன். ஆகவே சரித்திரம் எப்போதும் சிறியதன் பக்கம் இல்லை. ஸி மைனர் பாஸகாலியாவைச் சிறிய ஆர்கனில் வாசிக்க முடியாது, முயல்வது அசட்டுத்தனம். அதன் அடிப்பிடி காலில்தான் பிறக்கிறது.

என் கட்சி காதைச் சார்ந்தது. பரோக் ஸங்கீதத்தின் ஜீவன் பல குரல்கள் ஒன்றையொன்று விழுங்காமல் ஏககாலத்தில் பேசுவதில் இருக்கிறது. மேல்குரலை யாரும் கேட்டுவிடலாம். அடிக்குரலும் தானாக உறைக்கும். நடுக்குரலைப் பின்தொடர்வதுதான் கஷ்டம். ஒரு ஃப்யூகின் விஷயம் பல சமயம் அங்கேதான் நடக்கிறது. பெரிய சப்தத்தில் முதலில் காணாமற்போவது நடுக்குரல். சிறிய ஆர்கனில் ஒரே ஒரு எட்டடி ஸ்டாப்பை மட்டும் இழுத்து வாசிக்கும்போது மூன்று குரலும் ஒரே நிறம், ஒரே பலம். எதைக் கேட்பது என்று வாத்தியம் நமக்குக் கட்டளையிடுவதில்லை. தேர்வு நம்முடையது, உழைப்பும் நம்முடையது. வாசிக்கிறவனும் அந்த அறையில் நம்மில் ஒருவனாக, கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்து, தானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான். கடைசிக் கூட்டு ஸ்வரத்திலிருந்து எந்த விரலை முதலில் எடுப்பது என்பதைக் கேட்டுத்தான் அவன் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. எடுத்தபின் எதிரொலி வந்து அவனைக் காப்பாற்றப் போவதில்லை.