தப்பாத தப்புத்தாளம்

ஜான் டியர் ‘மாடல் ஏ’ டிராக்டரின் ஓசையை முதன்முறை கேட்பவர், எஞ்சினில் ஏதோ கோளாறு என்றே நினைப்பார். பட், பட் என்று அடுத்தடுத்து இரண்டு வெடி. பிறகு ஓர் இடைவெளி. மறுபடி இரண்டு. அமெரிக்க விவசாயிகள் இதற்கு ‘ஜானி பாப்பர்’ என்று செல்லப்பெயரே வைத்துவிட்டார்கள். அயோவா மாநிலத்து வாட்டர்லூவில் 1934 முதல் 1952 வரை தயாரான வண்டி இது. இதன் எஞ்சினைப் புதுப்பிப்பவரின் வேலை இந்தத் தடுமாற்றத்தைப் போக்குவதல்ல. அது பிசகாமல் ஒலிக்கச் செய்வது.

காரணம் கிராங்க் ஷாஃப்டில் இருக்கிறது. இரண்டு சிலிண்டர்கள் அருகருகே படுத்திருக்கின்றன. ஒரு பிஸ்டன் முன்னே போனால் மற்றது பின்னே வரும். முதல் வெடிக்குப் பின் அரைச் சுற்றில் இரண்டாவது. அடுத்ததற்கு ஒன்றரைச் சுற்று காத்திருக்க வேண்டும். நான்கு எண்ணிக்கைத் தாளத்தில் முதல் இரண்டைத் தட்டி, பின்னிரண்டை வீசி விடுவதுபோல. தொடக்ககால மாடலில் சிலிண்டரின் விட்டம் 5.5 அங்குலம், பிஸ்டன் ஓட்டம் 6.5 அங்குலம். ஒரு சிலிண்டருக்கே இரண்டரை லிட்டர்! முழு வேகமே நிமிடத்துக்கு 975 சுற்றுதான். ஐட்லிங்கில் ஒவ்வொரு வெடியும் தனித்தனியாகக் காதில் விழும்.

நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒன்று சோம்பினால் மற்ற மூன்றும் ஓரளவு ஈடுகட்டும். இங்கே அந்தச் சலுகை கிடையாது. அதனால் தேர்ந்த மெக்கானிக் இரண்டு சிலிண்டரையும் ஒரே அளவுக்குப் போர் போடுவார். வால்வுகளை கிரைண்டிங் பேஸ்ட் தடவித் தேய்த்து, மண்ணெண்ணெய் ஊற்றி, ஒரு சொட்டும் கசியவில்லை என்றாகும்வரை விடமாட்டார். பழைய கனெக்டிங் ராடுகளில் உருக்கி வார்த்த பேரிங். இடையிலுள்ள மெல்லிய ஷிம் தகடுகளை ஒவ்வொன்றாக எடுத்து, முறுக்கி, சுழற்றிப் பார்ப்பார். இறுகவும் கூடாது, ஆடவும் கூடாது.

எனக்கு மிகப் பிடித்தது ஃபிளைவீல் வேலை. இடப்புறம் வெளியே தெரியும் அந்தக் கனத்த சக்கரத்தைக் கையால் உருட்டித்தான் பழைய வண்டிகளை ஸ்டார்ட் செய்வார்கள். அதை எவ்வளவு உள்ளே தள்ளிப் பொருத்துகிறோமோ, அதைப் பொறுத்தே கிராங்க் ஷாஃப்டின் பக்கவாட்டு ஆட்டம் அமையும். சரியாக இறுகாவிட்டால் ‘டொக் டொக்’ என்று தட்டும். அனுபவமில்லாதவர் பேரிங் போய்விட்டது என்று எஞ்சினையே பிரித்துவிடுவார். தீப்பொறி தரும் மேக்னட்டோவுக்கான டைமிங் குறியும் இதன்மேல்தான். மெல்ல உருட்டும்போது, குறி நேருக்கு வரும் அதே கணத்தில் மேக்னட்டோ ‘டக்’ என்று விடுபட வேண்டும்.

மிச்சம் கார்ப்பரேட்டர். ஐட்லிங்குக்கு ஓர் ஊசி, பாரம் இழுக்க ஓர் ஊசி. திராட்டிலைச் சட்டென்று திறந்தால் எஞ்சின் இருமுகிறதா? பெட்ரோல் போதவில்லை. கரும்புகை கக்குகிறதா? அதிகம். இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள இடத்தைக் காதுதான் கண்டுபிடிக்கும்.

கண்காட்சிகளில் பச்சையும் மஞ்சளும் மினுங்கும் வண்டிகளுக்குப் பரிசு கிடைக்கிறது. பெயின்ட் யாரும் அடிக்கலாம். இரண்டு வெடியும் ஒரே கனத்தில் விழுகின்றனவா, இடைவெளி கூடாமல் குறையாமல் வருகிறதா என்றுதான் நான் கேட்பேன். 1960இல் ஜான் டியர் நிறுவனம் நான்கு, ஆறு சிலிண்டர்களுக்கு மாறிவிட்டது. அவை சீராக ஓடுவது அவற்றின் பிறவிக்குணம். ஜானி பாப்பர் சீராக ஓடினால், அந்தப் பெருமை புதுப்பித்த கைக்கு.