உப்புக்கண்டமும் உறையிட்ட உணவும்: சுவைத் திறனாய்வில் இரு அளவுகோல்கள்

முன்னுரை

சுவை என்னும் ஒரு சொல்லையே நாம் நாவுக்கும் நூலுக்கும் பொதுவாக வழங்கி வருகின்றோம். ஆகவே உணவை மதிப்பிடும் எழுத்தும் திறனாய்வின் எல்லைக்குள் வைத்து ஆராயத்தக்கதேயாகும். மேலை நாடுகளில், குறிப்பாகப் பிரிட்டனில், கடந்த அரை நூற்றாண்டில் பெருகியுள்ள உணவு எழுத்தில் இரு பொருள்கள் எதிரெதிர் முனைகளில் நிறுத்தப்படுகின்றன. ஒன்று, கைவினைஞர் உப்பிட்டு உலர்த்திப் பதப்படுத்தும் இறைச்சி. மற்றொன்று, பேரங்காடியில் வாங்கி வீட்டில் சூடாக்கி உண்ணும் ஆயத்த உணவு. முன்னதைப் பற்றி எழுதுவோர் துய்ப்பவராக நின்று எழுதுகின்றனர். பின்னதைப் பற்றி எழுதுவோர் தீர்ப்பளிப்பவராக நின்று எழுதுகின்றனர். இவ்வேறுபாடு உணவின் இயல்பிலிருந்து எழுகின்றதா, அன்றி மதிப்பிடுவோரின் சமூக நிலையிலிருந்து எழுகின்றதா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஈண்டு எடுத்துக்கொள்ளப்படும் உணவுகளுட் சிலவற்றை நம் வாசகருள் பலர் சமயம் காரணமாகவோ குடும்ப வழக்கம் காரணமாகவோ தவிர்ப்பவர் என்பதை நாம் அறிவோம். உண்ணுக என்பதோ தவிர்க்க என்பதோ இக்கட்டுரையின் கருத்தன்று. மதிப்பீடு எவ்வாறு செய்யப்படுகின்றது என்பதே நம் கவனத்திற்குரியது.

ஆயத்த உணவின் பழமை

பதப்படுத்திய இறைச்சி பழமையின் சின்னம், ஆயத்த உணவு நவீன வாழ்வின் சீர்கேடு என்னும் பாகுபாடு வரலாற்று நோக்கில் நிலைபெறுவதன்று. பதப்படுத்திய இறைச்சி வகைகளைக் குறிக்கப் பிரெஞ்சு மொழியில் வழங்கும் ‘ஷார்க்யூத்ரி’ என்னும் சொல் ‘சமைத்த இறைச்சி’ என்னும் பொருள் தரும் இரு சொற்களின் சேர்க்கையில் பிறந்தது. அப்பெயர் கொண்ட கடைகளில் உலர்ந்த தொத்திறைச்சியோடு, சமைத்து முடித்த கறிகளும் வீட்டிற்கு எடுத்துச் செல்வதற்கென விற்கப்படுகின்றன. பிரிட்டானிய எழுத்தாளர் ஜேன் கிரிக்சன் 1967-இல் பிரெஞ்சுப் பன்றியிறைச்சிக் கலையைப் பற்றித் தம் முதல் சமையல் நூலை வெளியிட்டார். அதன் பின்னரே ஆங்கில வாசகர் பலர் இக்கலையை ஒரு தனித்துறையாக அறியத் தலைப்பட்டனர் எனலாம்.

உணவுத் திறனாய்வின் தொடக்கமும் இதனையே உணர்த்துகின்றது. பாரிஸ் நகரில் 1803 முதல் 1812 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த கிரிமோ த லா ரேனியேரின் உணவுப் பஞ்சாங்கம், அந்நகரக் கடைகளில் விற்கப்பட்ட உணவுப் பொருள்களை மதிப்பிட்டது. கடைக்காரர்கள் தம் பண்டங்களை அனுப்ப, சுவைஞர் குழு ஒன்று கூடி உண்டு முடிவு கூறியது. வேறொருவர் ஆக்கிக் கடையில் விற்ற உணவை மதிப்பிட்டே இத்துறை வளர்ந்தது என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

தமிழ் மரபிலும் இதற்கு இயைபு உண்டு. பெரும்பாணாற்றுப்படையில் எயிற்றியர் வழிவந்த பாணர்க்கு இடும் உணவில் வாடூன் இடம்பெறுகின்றது. வேட்டை கிட்டாத நாளிலும் விருந்தினரைப் பசியோடு அனுப்பாதிருக்க உதவுவது உலர்த்தி வைத்த ஊனே. பிற்கால வழக்கில் உப்புக்கண்டம் என நாம் கூறுவதும் இத்தேவையில் பிறந்ததே. எனவே உப்பிட்ட இறைச்சி என்பது முற்காலத்தின் ஆயத்த உணவு எனக் கொள்வதில் தவறில்லை.

காலம் செய்யும் வேலை

அவ்வாறாயின் உப்பிட்ட இறைச்சியைப் புகழ்வது வெறும் பழமைப் பற்றுதானா? அன்று. அப்புகழ்ச்சிக்கு நாவறியும் காரணம் உண்டு. இத்தாலியின் பார்மா தொடையிறைச்சியை இதற்குச் சான்றாகக் கொள்வோம். அதில் பன்றியின் பின்தொடையும் உப்புமன்றி வேறு சேர்க்கை இல்லை. உப்பிடுவதில் தேர்ந்தவர் தோற்பகுதிக்கு ஈர உப்பையும் சதைப்பகுதிக்கு உலர்ந்த உப்பையும் இடுவார். குளிரறையில் சில வாரம் உப்பில் கிடந்த தொடை, பின்னர் கழுவப்பட்டுக் காற்றில் தொங்கவிடப்படும். சதை திறந்திருக்கும் இடத்தில் கொழுப்புப் பசை பூசப்படும். ஓராண்டுக்குக் குறையாத இக்காலத்தில் அது தன் எடையில் ஏறத்தாழக் கால் பங்கை இழக்கின்றது.

இழப்பது நீரே, பெறுவது சுவை. இறைச்சியில் இயல்பாயுள்ள நொதிகள் புரதத்தைச் சிறு கூறுகளாகச் சிதைக்கின்றன. அவற்றுள் ஒன்றான குளூட்டமிக் அமிலமே நாவில் நெடுநேரம் நிற்கும் அந்த ஆழ்ந்த சுவைக்குக் காரணமாகும். வெட்டிய துண்டில் வெண்புள்ளிகள் சில காணப்படுவதுண்டு. அறியாதார் அவற்றைக் குறையெனக் கருதுவர். அவை பெரும்பாலும் புரதம் சிதைந்து உண்டாகும் டைரோசின் படிகங்கள். நெடுநாள் முதிர்ச்சியின் அடையாளங்கள். மெல்லிய தாள்போல் சீவிய துண்டு ஒன்றை வாயிலிட்டால் முதலில் கொழுப்பு உருகும். அடுத்து உப்பு தோன்றும். இறுதியில் இனிப்பை ஒத்த ஒரு சுவை எஞ்சும். இவ்வரிசை மாறி உப்பு முந்திக்கொண்டு நிற்குமாயின், அத்துண்டு எவ்வூரிலிருந்து வந்ததாயினும் சிறப்புடையதன்று.

முதிர்ந்த தொடையைத் தேர்வு செய்யும் முறையும் கவனிக்கத்தக்கது. தேர்வாளர் குதிரை எலும்பாலான மெல்லிய ஊசியை ஐந்து இடங்களில் குத்தி எடுத்து முகர்ந்து பார்க்கின்றார். அவ்வெலும்பு நுண்துளை உடையதாதலின் மணத்தை விரைவில் ஏற்று விரைவில் விடுகின்றது. இத்தேர்வில் தேறியவற்றுக்கே ஐம்முனை முடி முத்திரை இடப்படும். மதிப்பீடு இங்கே பொருளுக்குள் புகுந்து நிகழ்கின்றது. விற்பனைக் கதையைக் கேட்டு நிகழ்வதன்று.

எனினும் ‘கைவினை’ என்னும் சொல்லை எச்சரிக்கையோடு கையாளவேண்டும். பார்மா தொடையிறைச்சி ஆண்டுதோறும் பல மில்லியன் எண்ணிக்கையில் உருவாகின்றது. குளிரறைகளும் இயந்திரங்களும் இல்லாமல் இது இயலாது. மலைச்சரிவில் முதியவர் ஒருவர் விளக்கொளியில் உப்பிடும் காட்சியை விளம்பரம் தருகின்றது. திறனாய்வாளர் அக்காட்சியைச் சுவைக்காமல் துண்டைச் சுவைத்தல் வேண்டும்.

இரண்டும் சந்தித்த வழக்கு

இவ்விரு உலகங்களும் ஒரு நீதிமன்றத்தில் நேருக்கு நேர் சந்தித்தன. ஆஸ்டா என்னும் பிரிட்டானியப் பேரங்காடி, இத்தாலியில் முறைப்படி உருவாகி இங்கிலாந்தில் சீவி உறையிடப்பட்ட தொடையிறைச்சியைப் பார்மா என்னும் பெயரில் விற்றது. பார்மா உற்பத்தியாளர் கூட்டமைப்பு இதனை எதிர்த்து வழக்குத் தொடுத்தது. சீவுதலும் உறையிடுதலும் அவ்வட்டாரத்திலேயே நிகழவேண்டும் எனப் பெயருரிமைக்கு நிபந்தனை விதிக்கலாம் என ஐரோப்பிய நீதிமன்றம் 2003 மே மாதம் தீர்ப்பளித்தது. ஆயினும் அந்நிபந்தனை பிறர் அறியுமாறு முறையாக வெளியிடப்படவில்லையாதலின், அதனை அப்பேரங்காடியின்மீது செலுத்த இயலாது எனவும் கூறியது.

சட்ட நோக்கில் இது நுட்பமான தீர்ப்பு. திறனாய்வு நோக்கில் இது ஒரு வினாவை எழுப்புகின்றது. உறையிலுள்ள இறைச்சி அதே இறைச்சி. சீவிய இடம் மட்டுமே வேறு. சீவிய துண்டு காற்றுப்பட்டு விரைவில் கெடும் என்பது உண்மையே. அக்கேடு உறையில் நிகழ்ந்துள்ளதா என்பதை நா அறியும், பெயர்ச்சீட்டு அறியாது. பெயரைப் பார்த்து மகிழ்வதும் பெயரைப் பார்த்து வெறுப்பதும் மதிப்பீடு ஆகா.

ஆயத்த உணவின் நிறைகுறைகள்

பிரிட்டனில் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் நிறுவனம் 1979-இல் ‘சிக்கன் கீவ்’ என்னும் குளிரூட்டிய ஆயத்த உணவை விற்பனைக்குக் கொணர்ந்தது. பூண்டு கலந்த வெண்ணெயைக் கோழியிறைச்சியினுள் பொதிந்து ரொட்டித்தூள் போர்த்திய இவ்வுணவின் வெற்றிக்குக் காரணம் அதன் அமைப்பே எனலாம். சமையலின் இறுதிச் செயல் வீட்டு அடுப்பிற்கு விடப்பட்டுள்ளது. மேலுறை மொறுமொறுப்பாவதும் வெண்ணெய் உருகுவதும் உண்பவர் கண்முன் நிகழ்கின்றன. ஆக்கியோர் தம் பண்டத்தின் எல்லையை அறிந்து செயற்பட்டுள்ளனர்.

பிரிட்டனில் ஆய்வு மேற்கொண்டிருந்த ஆண்டுகளில் நாமும் இவ்வகை உணவைப் பல மாலைகளில் உண்டதுண்டு. அவற்றின் குறைகள் ஓர் ஒழுங்கிற்கு உட்பட்டவை. குழம்பில் ஊறிய கறிகள் மறுசூட்டைத் தாங்குகின்றன. சோறு ஓரங்களில் காய்கின்றது. மாவுப் பண்டம் நுண்ணலை அடுப்பில் துவள்கின்றது. கோழியின் மார்புத்துண்டில் பழைய வாடை எழுகின்றது. சமைத்த இறைச்சியின் கொழுப்பு காற்றோடு வினைபுரிவதால் எழும் இவ்வாடையை உணவறிவியலார் 1958 முதல் தனிப்பெயரிட்டு ஆராய்ந்து வந்துள்ளனர். வீட்டில் நேற்று வைத்த கோழிக்கறியை இன்று சூடாக்கினாலும் இவ்வாடை எழக்கூடும். ஆதலின் இது தொழிற்சாலையின் குற்றமன்று, காலத்தின் வேலை. உப்பிட்ட தொடையில் சுவையை வளர்க்கும் காலம், சமைத்த கோழியில் சுவையைக் குலைக்கின்றது. இரு உணவுக்கும் உள்ள மெய்யான வேறுபாடு இதுவே என்பது நம் கருத்து.

ஆயத்த உணவுமீது சாட்டத்தக்க பெருங்குற்றம் வேறொன்று உண்டு. 2013 பிப்ரவரியில் ஃபைண்டஸ் நிறுவனத்தின் மாட்டிறைச்சி லசான்யா சோதிக்கப்பட்டபோது, 18 மாதிரிகளுள் 11-இல் இருந்த இறைச்சியில் 60 முதல் 100 விழுக்காடு குதிரையிறைச்சி எனக் கண்டறியப்பட்டது. உண்டவர் நா அதனைக் காட்டிக்கொடுக்கவில்லை; மரபணுச் சோதனையே காட்டிக்கொடுத்தது. அரைத்து, மசாலையிட்டு, குழம்பில் மூழ்கடித்த இறைச்சி தன் அடையாளத்தை இழக்கின்றது. பார்மாவில் குதிரை எலும்பு உண்மையைச் சோதிக்கும் கருவியாயிற்று. இங்கே குதிரையிறைச்சி பொய்யின் பொருளாயிற்று. ஆயத்த உணவைக் கடிந்துரைப்பதற்குரிய இடம் இந்த மறைப்பே ஆகும். அதன் மலிவு அன்று.

உடல்நல நோக்கில் பார்த்தாலும் இருபால் அளவுகோல் பொருந்தாது. உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015 அக்டோபரில் பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களுள் முதற்பிரிவில் சேர்த்தது. அவ்வகைப்பாடு கைவினைஞர் இறைச்சிக்கு விலக்களிக்கவில்லை.

உணவை மதிப்பிடுதலும் மனிதரை மதிப்பிடுதலும்

சிக்கன் கீவ் கடைக்கு வந்த அதே 1979-இல் பிரெஞ்சுச் சமூகவியலறிஞர் பியர் பூர்தியு, சுவையுணர்வு சமூக வகுப்போடு பிணைந்தது எனக் காட்டும் தம் பெருநூலை வெளியிட்டார். தேவையால் அமையும் சுவையையும் வசதியால் அமையும் சுவையையும் அவர் பிரித்துக் காட்டினார். ஆயத்த உணவைப் பழிக்கும் எழுத்துகளை இந்நோக்கில் படிக்கும்போது, பழிக்கப்படுவது உணவா அதை வாங்குபவரா என்னும் ஐயம் எழுகின்றது. ‘சோம்பல்’, ‘அக்கறையின்மை’ ஆகிய சொற்கள் உணவுக்குப் பொருந்துவன அல்ல, மனிதரைச் சுட்டுவன. இரவுப் பணி முடித்து வருபவர்க்கும், வேலைக்கும் சென்று அடுக்களையையும் சுமக்கும் பெண்ணுக்கும், ஒருவர்க்கு மட்டும் சமைக்கும் முதியவர்க்கும் அந்த உறை ஒரு மணி நேரத்தைத் தருகின்றது. அம்மணி நேரத்தைக் கணக்கில் கொள்ளாத திறனாய்வு முழுமையானதன்று. அதே வேளை, அவர்தம் தேவையைக் காரணம் காட்டிச் சுவையற்றதையும் பொய்யானதையும் பொறுத்துக்கொள்வது அவர்களை இழிவுபடுத்துவதாகும். களைத்து வருபவர்க்கும் நல்லுணவு உரியதே.

முடிவுரை

மேற்கூறியவற்றால், இரு உணவுக்கும் பொதுவான மூன்று வினாக்களை முன்வைக்கலாம். உள்ளே இருப்பது எது? காலமும் வெப்பமும் அதனை என்ன செய்தன? உறை தந்த வாக்கை நா உறுதிப்படுத்துகின்றதா? இவ்வினாக்களின் வழி நோக்கும்போது நல்ல தொடையிறைச்சி உயர்ந்தே நிற்கும். ஆனால் பெயரளவில் மட்டும் சிறந்தது வீழும். ஆயத்த உணவுகளுள் பல வீழும். ஆனால் தன் எல்லையறிந்து ஆக்கப்பட்டது நிற்கும். வெகுசன நாவல் என்பதாலேயே ஒரு நூலைப் படிக்காது தள்ளுவதும், செவ்வியல் நூல் என்பதாலேயே படிக்காது புகழ்வதும் நம் துறையில் இல்லாதன அல்ல. மாணவர்க்குத் திறனாய்வு கற்பிக்கும் ஆசிரியர்கள், அவர்கள் அன்றாடம் உண்ணும் உறையுணவு ஒன்றை இம்மூன்று வினாக்களைக்கொண்டு மதிப்பிட்டு எழுதச் செய்யலாம். ‘நன்று’, ‘நன்றன்று’ என்பதோடு நின்றுவிடாமல் காரணம் கூறும் பழக்கம் அவ்வாறு கைவருமாயின், அது பின்னர் நூல்களை மதிப்பிடுவதற்கும் பயன்படும்.