கரிஞ்சாவின் ஒரே அசைவு

கரிஞ்சாவைப் பற்றிய பேச்சில் ஆட்டத்தைவிட வாழ்க்கையே அதிகம் அடிபடுகிறது. வளைந்த கால்கள், பாவ் கிராண்டே ஊரின் நெசவாலை, குடி, 1983 ஜனவரியில் 49 வயதில் மரணம். இந்த அனுதாபத்தில் ஒரு சௌகர்யம் உண்டு. பரிதாபத்துக்குரியவனாக ஒருவனை ஆக்கிவிட்டால் அவன் காரியத்தை மதிப்பிடும் பொறுப்பு யாருக்கும் இல்லை. கவிகள் விஷயத்திலும் நடப்பது இதுதான்.

அனுதாபம் தீர்ந்த இடத்தில் 'குழந்தை', 'பறவை' என்ற அடைமொழிகள் வருகின்றன. கரிஞ்சா என்பதே ஒரு சிறு குருவியின் பெயர். 1958 உலகக் கோப்பைக்கு முன் பிரேசில் அணியின் மனோதத்துவ நிபுணர் பரிசோதித்து, அவர் ஏற்றவரல்ல என்று கணித்தார். ரசிகனின் கொஞ்சலுக்கும் நிபுணரின் கணிப்புக்கும் அடியில் இருப்பது ஒரே அபிப்ராயம்: இந்த ஆட்டத்தில் புத்திக்கு வேலை இல்லை.

ஆட்டத்தைப் பார்ப்போம். வலது ஓரத்தில் பந்தோடு நிற்பார். உடல் இடப்பக்கம் சாயும், பந்து நகராது. பிறகு வலப்பக்கம் ஒரு பாய்ச்சல். பெரும்பாலும் இதே அசைவுதான். எதிரில் நிற்பவனுக்கும் தெரியும், அரங்கத்துக்கும் தெரியும். 1958 இறுதி ஆட்டத்தில் ஸ்வீடனுக்கு எதிராக வாவா போட்ட இரண்டு கோல்களும் ஏறக்குறைய ஒரே கோல். இரண்டும் கரிஞ்சா அதே ஓரத்தைக் கடந்து குறுக்கே அனுப்பிய பந்துகள்.

எந்தப் பக்கம் என்பதை அவர் ஒளிக்கவே இல்லை. எப்போது என்பதை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டார். எதிராளி தன் எடையை ஒரு காலில் இறக்கும் கணம்வரை காத்திருந்தார். இந்தக் காத்திருப்பு புத்தியின் காரியம்.

வேறு வித்தை தெரியாததால் இதையே செய்தார் என்பவர்கள் 1962 சிலி உலகக் கோப்பையைப் பார்க்கட்டும். இரண்டாவது ஆட்டத்தில் பெலே காயப்பட்டு விலகினார். பிறகு காலிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக இரண்டு, அரையிறுதியில் சிலிக்கு எதிராக இரண்டு என்று கோல் போட்டவர் கரிஞ்சா. தலையாலும் போட்டார், இடது காலாலும் போட்டார். பிரேசில் கோப்பையை வென்றது. ஆக, அந்த ஒரே அசைவு இயலாமையால் நேர்ந்ததல்ல. அவர் தேர்ந்துகொண்ட வடிவம். ஒரே ராகத்தை வாழ்நாள் முழுதும் பாடுகிறவனிடம் நாம் புதுமை எங்கே என்று கேட்பதில்லை.

தேசிய அணிக்காக 60 ஆட்டங்கள். தோற்றது ஒன்றே ஒன்று: 1966-ல், ஹங்கேரியிடம், அவருடைய கடைசி ஆட்டத்தில். பெலேயும் அவரும் சேர்ந்து ஆடிய எதிலும் பிரேசில் தோற்கவில்லை. இருந்தும் பெலேக்கு மேதை என்ற பெயர்; இவருக்கு ஜனங்களின் ஆனந்தம் என்ற பெயர். கல்லறையிலும் அதையே பொறித்திருக்கிறார்கள். பிரேசிலியாவில், 2014 உலகக் கோப்பைக்காகப் பெருஞ்செலவில் திரும்பக் கட்டிய மைதானத்துக்கும் அவர் பெயர்தான்.

ஜனங்களின் ஆனந்தம் பொய்யல்ல. அந்த ஆனந்தத்தை உண்டாக்கிய மூளைக்குத்தான் இன்னும் மரியாதை வந்து சேரவில்லை.