நரம்பு தேடும் விரல்

செவிலியர் வேலைக்கு ஏன் வருகிறார்கள் என்று கேட்டால் ‘சேவை மனப்பான்மை’ என்று முடித்துவிடுகிறோம். எனக்கு அது பாதிப் பதிலாகவே படுகிறது. அந்த வேலைக்குள் ஒரு கைத்தொழில் இருக்கிறது. அதன் ருசியும் ஆளை இழுக்கும். குளுக்கோஸ் ஏற்ற நரம்பு பிடிப்பதையே பாருங்கள். கையில் ரப்பர் பட்டையைக் கட்டிவிட்டு விரல் நுனியால் தடவுகிறார்கள். அமுங்கி மீண்டால் சிரை, துடித்தால் தமனி, விறைப்பாக இருந்தால் தசைநாண். கண்ணுக்குப் பச்சையாகத் தெரிவதைவிட விரலுக்குத் தட்டுப்படுவதை நம்புவதுதான் தேர்ந்த கை. தோலை இழுத்துப் பிடித்து, ஊசியைச் சாய்வாகச் செலுத்தினால் பின்னாலுள்ள சிற்றறையில் ரத்தம் எட்டிப் பார்க்கும். உடனே ஊசியை இன்னும் தாழ்த்தி, மேலுள்ள மெல்லிய குழாயை மட்டும் உள்ளே நகர்த்த வேண்டும். பச்சைக் குழந்தைக்கு மஞ்சள் நிற 24 கேஜ் ஊசி; அங்கே தவறுக்கு இடமே குறைவு. செய்தது சரியா என்று அந்த நொடியிலேயே தெரிந்துவிடும் தொழில்கள் எத்தனை?

‘வளைகுடாவுக்கும் பிரிட்டனுக்கும் போகத்தானே நர்சிங் படிக்கிறார்கள்?’ என்பார்கள். பலர் அப்படித்தான், வீட்டுக் கடனை அடைக்க விமானம் ஏறுவதில் என்ன குறை? ஆனால் சம்பளம் கல்லூரி வாசல்வரைதான் கொண்டுவந்து விடும். நள்ளிரவில் வீறிடும் குழந்தையின் புறங்கையில் நிதானத்தைத் தராது. வேலூரில் 1900இல் ஒற்றைப் படுக்கையோடு மருத்துவம் தொடங்கிய ஐடா ஸ்கடர், 1909இல் செவிலியர் பயிற்சியை ஆரம்பித்தார். இரக்கம் மட்டும் போதுமென்றால் பயிற்சி எதற்கு? அதற்காகக் கனிவு வேண்டாம் என்றில்லை. பயந்தால் நரம்பு சுருங்கிக்கொள்ளும். ‘லேசாத்தான் குத்தும் பாட்டி, கையைத் தளர்த்திக்கோங்க’ என்பதும் அந்தக் கைவேலையில் சேர்த்திதான்.