புதூர்நாட்டுக்கு மேலே பத்து வாட் குரல்

சின்ன விமானத்தில் எதைப் பார்த்து வியக்க வேண்டும் என்று என்னைக் கேட்டால், எஞ்சினையோ இறக்கையையோ காட்ட மாட்டேன். நேராக ரேடியோவைத்தான் காட்டுவேன். நான் பயிற்சி பெற்ற செஸ்னா 172-இல் இருந்தது கே.எக்ஸ். 155 என்ற பெட்டி. அகலம் ஒரு சாணுக்கும் குறைவு. 118 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி 760 அலைவரிசைகள் அதற்குள் அடக்கம். திரையில் இரண்டு எண்கள் ஒளிரும்: ஒன்று இப்போது பேசுவது, மற்றது அடுத்துப் பேசப்போவது. பொத்தானை ஒரு தட்டு தட்டினால் இரண்டும் இடம் மாறிக்கொள்ளும். என்ன அழகான ஏற்பாடு!

அதன் முழு அருமை தெரிந்தது ஜவ்வாது மலைக்கு மேலேதான். ஓமலூர் பக்கமிருக்கும் சேலம் விமான நிலையத்திலிருந்து வடகிழக்கே, அந்த மலையிலுள்ள புதூர்நாட்டை நோக்கிப் பறந்தோம். உயரம் 5,500 அடி. ஊத்தங்கரை தாண்டியதும் சேலம் டவரின் குரல் கரகரக்க ஆரம்பித்தது. விமான ரேடியோவின் வி.எச்.எஃப். அலை கண் பார்வையைப் போல நேர்க்கோட்டில்தான் போகும். முதுகுக்குப் பின்னால் சேர்வராயன் மலை மறித்து நின்றது.

"மேலே ஏறு தம்பி, சென்னை கிடைக்கும்" என்றார் பயிற்றுநர். 7,500 அடிக்கு அனுமதி கேட்டேன். கிடைத்த அனுமதியை வார்த்தை பிசகாமல் திருப்பிச் சொன்னேன், அதுதான் விதி. உயரத்தை அடிக்கணக்கில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.23-ஆல் பெருக்கினால், ரேடியோ எட்டும் தொலைவு கடல் மைல் கணக்கில் வந்துவிடும். 7,500 அடிக்கு ஏறத்தாழ 195 கிலோமீட்டர். புதூர்நாட்டிலிருந்து சென்னை நேர்க்கோட்டில் 170 கிலோமீட்டர் போல. கீழே சாமைக் கொல்லைகளும் பலா மரங்களும் நகர, இடப்பக்கம் ஏலகிரி தெரிய, பேசும் பொத்தானை அழுத்தி அழைப்புக் குறியைச் சொன்னேன். பக்கத்து அறையிலிருந்து பேசுவதுபோல் பளிச்சென்று பதில் வந்தது! அனுப்பும் சக்தி வெறும் 10 வாட். மெய்சிலிர்த்துவிட்டது.

எஃப்.எம். காலத்திலும் விமானங்கள் பழைய ஏ.எம். முறையிலேயே பேசுவதில் பெரிய புத்திசாலித்தனம் இருக்கிறது. எஃப்.எம்.மில் இருவர் ஒரே நேரத்தில் பேசினால் வலுவான குரல் மற்றதை அடியோடு விழுங்கிவிடும். ஏ.எம்.மில் கீச்சென்று விசில் கிளம்பும். இன்னொருவரும் அழைக்கிறார் என்று உடனே தெரிந்துவிடும். இதை யோசித்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

ரேடியோ செத்துப்போனால்? ரேடாருக்குப் பதில் அனுப்பும் டிரான்ஸ்பாண்டர் கருவியில் 7600 என்று திருப்பினால் ரேடாரில் பார்ப்பவருக்குச் சேதி போய்விடும். டவரிலிருந்து விளக்கு காட்டுவார்கள்: நிலையான பச்சை என்றால் இறங்கலாம், நிலையான சிவப்பு என்றால் வழிவிட்டுச் சுற்றிக்கொண்டிரு. விமானம் காட்டில் விழுந்தாலும் வால் பக்கமிருக்கும் அவசரக் கருவி 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்குக் குரல் கொடுக்கும். அந்தச் சேதி பெங்களூரிலுள்ள இஸ்ரோ மையத்துக்கு வந்து சேரும். ஜவ்வாது போன்ற மலைக்காட்டில் இதைவிடப் பெரிய துணை வேறென்ன?

1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்த புஸ் மாத் விமானத்தில் ரேடியோவே கிடையாது. அதே தபாலை அவருடைய கூட்டாளி நெவில் வின்சென்ட் சென்னைவரை கொண்டுவந்து சேர்த்தார். அந்தத் துணிச்சலை நினைக்க நினைக்க, என் காதில் மாட்டிய ஹெட்செட்டின் மேல் மதிப்பு கூடுகிறது.

கட்டுப்பாட்டுக்குட்பட்ட வானில் நுழைய இருவழி ரேடியோ கட்டாயம். பெட்டிக்குத் தனி உரிமம், பேசுகிறவருக்குத் தனிச் சான்றிதழ். அந்தச் சான்றிதழுக்கான ஆர்.டி.ஆர். தேர்வு என்றாலே பயிற்சி மாணவர்கள் முகம் சுளிப்பார்கள். எனக்கோ அதைப் படித்த நாட்கள் திருவிழா! அலை எப்படிப் போகிறது, எங்கே தேய்கிறது என்று அங்கே படித்ததெல்லாம் புதூர்நாட்டுக்கு மேலே உயிர்பெற்று நின்றது. விமானி ஆக நினைக்கும் பிள்ளைகளே, இந்தத் தேர்வை மனப்பாடம் செய்து தள்ளிவிடாதீர்கள். ரசித்துப் படியுங்கள். ஆளில்லா வானத்தில் உங்களைத் தனியாக விடாத கருவி ரேடியோ ஒன்றுதான்.